முத்திரையும் முகவரியும்

நோயாளி சொன்னதை வெளியே சொல்லலாகாது என்பது மருத்துவத்தில் நேற்று வந்த விதியன்று. ஹிப்போகிரட்டீஸின் பெயரால் வழங்கிவரும் உறுதிமொழியிலேயே அது இருக்கிறது. இணையத்தில் மருத்துவம் விற்க வந்தவர்கள் அதற்குச் 'சட்ட இணக்கம்' என்று புதுப்பெயர் சூட்டி, அதையும் ஒரு விளம்பர வாசகமாக்கிவிட்டார்கள் என்பதே நம் குற்றச்சாட்டு.

பெட்டர்ஹெல்ப் என்னும் அமெரிக்க நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். இணையவழி உளவள ஆலோசனை அதன் தொழில். வழக்கு வந்த காலத்தில் வாரக் கட்டணம் 60 முதல் 90 டாலர். சேர வருபவரிடம் முதலில் ஒரு கேள்வித்தாளை நீட்டும்: மனச்சோர்வு உண்டா, தற்கொலை எண்ணம் வந்ததுண்டா, மருந்து உட்கொள்கிறீர்களா, முன்பு ஆலோசனை பெற்றிருக்கிறீர்களா? சொந்த வீட்டில் வாய்திறந்து சொல்லாததை மனிதர்கள் அந்தத் திரையிடம் சொன்னார்கள். சொன்னவை பிறரிடம் போகா என்ற வாக்குறுதி கூடவே இருந்தது. ஹிப்பா என்ற மருத்துவ அந்தரங்கச் சட்டத்தின் பெயர் பொறித்த முத்திரையும் 2020 வரை அந்தத் தளத்தில் இருந்தது. அச்சட்டப்படி அந்நிறுவனம் நடக்கிறதா என்று எந்த அரசுத் துறையும் சோதித்துப் பார்த்ததில்லை என்கிறது, கூட்டாட்சி வணிக ஆணையம் 2023 மார்ச்சில் வெளியிட்ட புகார்.

அதே புகார் சொல்லும் மற்றதையும் கேளுங்கள். லட்சக்கணக்கானோரின் மின்னஞ்சல் முகவரிகள் ஃபேஸ்புக்கில் ஏற்றப்பட்டன. இவர்கள் முன்பே ஆலோசனை பெற்றவர்கள் என்ற செய்தியையும் கொடுத்து, இவர்களைப் போன்ற புதியவர்களைத் தேடித் தரும்படி கேட்கப்பட்டது. ஃபேஸ்புக் விளம்பரம் தொடர்பான முடிவுகளில் பெரும்பாலானவற்றை எடுக்கும் பொறுப்பு, கல்லூரியிலிருந்து அப்போதுதான் வெளிவந்த, மருத்துவத் தகவலைக் காப்பதில் அனுபவமில்லாத ஓர் ஊழியரிடம் விடப்பட்டிருந்தது. (அந்த ஊழியரைப் பழிப்பதற்கில்லை. அவரை அங்கே உட்காரவைத்தவர்கள்தான் முத்திரையையும் ஒட்டினார்கள்.)

இதற்கு வழக்கமாக வரும் மறுமொழி, 'நாங்கள் பெயரைக் கொடுக்கவில்லை, முகவரியைக் குறியீடாக மாற்றித்தான் அனுப்பினோம்' என்பது. இந்த வாதத்தைக் கணினி அறியாதவர்கள் நம்பிவிடுவார்கள் என்பதால் சற்று நின்று பார்க்க வேண்டும். ஒரே முகவரியை ஒரே முறையில் மாற்றினால் எப்போதும் ஒரே குறியீடுதான் வரும். ஃபேஸ்புக் தன்னிடமுள்ள முகவரிகளையும் அப்படியே மாற்றி வைத்துக்கொண்டு பொருத்திப் பார்க்கிறது. பொருந்தியதும் ஆள் தெரிந்துவிடுகிறது. பொருந்த வேண்டும் என்பதற்காகவே அனுப்பப்படும் ஒன்றை மறைப்பு என்று அழைப்பது, கடிதத்தை உறையிலிட்டு, உறையைப் பிரிக்கும் கத்தியையும் கூடவே அனுப்புவது போலத்தான்.

'துறையில் எல்லோரும் செய்வதுதானே' என்பது இரண்டாவது மறுமொழி. இது உண்மை என்பதுதான் நம்மைத் திடுக்கிட வைக்கிறது. தி மார்க்கப் என்ற இதழ் 2022 ஜூனில், அமெரிக்காவின் முன்னணி மருத்துவமனைகள் என்று நியூஸ்வீக் பட்டியலிட்ட நூற்றின் தளங்களைச் சோதித்தது. அவற்றில் 33 தளங்களில், மருத்துவரைப் பார்க்க நேரம் குறிக்கும் பொத்தானை அழுத்தியதுமே ஃபேஸ்புக்குக்குத் தகவல் போனது. கண்ணுக்குத் தெரியாத ஒரு நிரல் துணுக்கின் வேலை அது. இவை நேற்று முளைத்த செயலிகள் அல்ல, ஹிப்பா சட்டத்துக்கு நேரடியாக உட்பட்ட மருத்துவமனைகள்.

அவ்வாண்டு டிசம்பரில் அமெரிக்க அரசின் சுகாதாரத் துறை இத்தகைய துணுக்குகளைப் பற்றி ஒரு வழிகாட்டுதல் வெளியிட்டது. மருத்துவமனைகளின் சங்கம் நீதிமன்றம் போயிற்று. 2024 ஜூனில் டெக்சஸ் நீதிபதி ஒருவர் அதன் ஒரு பகுதியை நீக்கினார். யாரும் பார்க்கக்கூடிய ஒரு பக்கத்துக்கு ஒருவர் வந்தார் என்பதாலேயே அந்நோய் அவருக்கு இருப்பதாகக் கொள்ள முடியாது என்பது அங்கே வைக்கப்பட்ட வாதம். அதில் நியாயம் உண்டு என்பதை மறுக்கமாட்டோம். புற்றுநோய்ப் பக்கத்தைப் படிப்பவர் மாணவராக இருக்கலாம், நோயாளியின் மகளாக இருக்கலாம். ஆனால் மருத்துவரைப் பார்க்க நேரம் குறித்தவர் யார் என்பதில் என்ன ஐயம்? மகளாகவே இருந்தாலும், அவள் வீட்டுத் துயரை அறிய விளம்பரக் கம்பெனிக்கு என்ன உரிமை?

விளம்பரமே கூடாதா என்று கேட்பார்கள். தாராளமாகச் செய்யுங்கள். நாளிதழில் கண் மருத்துவமனை விளம்பரம் வந்த காலத்தில், அதை யார் இருமுறை படித்தார் என்று நாளிதழுக்குத் தெரியாது. மருத்துவமனை பிழைத்துத்தான் இருந்தது.

பெட்டர்ஹெல்ப் தவறை ஒப்புக்கொள்ளாமலே 78 லட்சம் டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டது. உடல்நலத் தகவலை விளம்பரத்துக்காகப் பிறருக்குக் கொடுக்கக் கூடாது என்று ஆணையம் தடையும் விதித்தது. 2024-ல் அந்தப் பணத்துக்கு உரியவர்கள் என்று அறிவிக்கப்பட்டவர்கள் ஏறத்தாழ எட்டு லட்சம் பேர். தலைக்குப் பத்து டாலர்கூடத் தேறவில்லை. ஒரு வாரக் கட்டணத்தில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை.