மூலை வாய் பிளக்கிறதா?



பெருநாளைக்கு முன் சீலிங் அடித்து, சுவரோரம் அலங்கார மரச்சட்டமும் வைக்கிறீர்களா? பாஸ் மைட்டர் வாளை 45 பாகையில் வைத்து வெட்டியும் மூலை வாய் பிளந்து நிற்கிறதென்றால் அவரை மட்டும் குறை சொல்லாதீர்கள். பழைய சுவர்களின் மூலை சரியாக 90 பாகை இருப்பது அபூர்வம். முதலில் மூலையை அளக்கச் சொல்லுங்கள். 180இல் அந்த அளவைக் கழித்து, மீதியில் பாதியை எடுக்க வேண்டும். மூலை 92 என்றால் வாள் 44இல் நிற்க வேண்டும், 46இல் அல்ல. பலர் சறுக்குவது இங்கேதான்.

சட்டத்தைத் தலைகீழாகச் சாய்த்து வைத்து வெட்டுவது சுலபம்: சீலிங்கைத் தொடும் விளிம்பு வாளின் மேசையில், சுவரைத் தொடும் விளிம்பு பின்தடுப்பில். கழிவுத் துண்டுகள் இரண்டை முதலில் வெட்டி மூலையில் வைத்துப் பார்க்கட்டும். பலகை விற்கிற விலைக்கு இந்த ஐந்து நிமிடம் பெரிதா?

வட்டகொடைப் பனியில் இன்னொன்று: மரம் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும். வாங்கிய அன்றே வெட்டாமல் சில நாள் அதே அறையில் கிடக்கட்டும்.

நீங்கள் கூடமாட நின்றால் முந்தானையைச் செருகி, வளையலைக் கழற்றிவிடுங்கள். கை பிளேட்டுக்கு அரை அடியாவது விலகியிருக்கட்டும். பிளேட் சுழல்வது நின்ற பிறகே வாளைத் தூக்க வேண்டும். பிள்ளைகள் அந்தப் பக்கமே வேண்டாம்.