சாட்சி சொல்லப் போனபோது

பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் வீட்டு ஜெபம். ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது. பாதிக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போய்விட்டன. ஆனாலும் வெள்ளிக்கிழமை இரவில் லயத்துக் கடைசி வீட்டில் பாய் விரித்து உட்காரும் வழக்கம் மட்டும் அங்கே நின்றுபோகவில்லை. அன்று சாட்சி சொல்ல என்னை அழைத்திருந்தார்கள்.

எனக்கு டிங்கிக் காய்ச்சல் வந்து பிழைத்த கதையைச் சொன்னேன். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பழகிய வாய் அல்லவா, ஏற்ற இறக்கத்துடன் நன்றாகவே சொன்னேன். இரத்தத் தட்டணுக்கள் இறங்கிக்கொண்டே போனதையும், நான் விடாமல் ஜெபித்ததையும், கொஞ்சமும் அஞ்சாமல் விசுவாசத்தில் நின்றதையும் கேட்டு இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

காப்பி குடிக்கும்போது ஓர் அக்கா அருகில் வந்து உட்கார்ந்தார். தணிந்த குரலில் கேட்டார்: “டீச்சர், என் மகனும் அதே காய்ச்சல்லதான் போனான். நானும் ராப்பகலா ஜெபம் பண்ணேன். அப்ப என் ஜெபத்துல என்னா கொறை?”

பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மாணவர் கட்டுரையில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் சிவப்பு மையால் சுழிப்பவள் நான். மறுநாள் என் சாட்சியையே நினைவிலிருந்து எழுதிச் சுழித்துப் பார்த்தேன். பதினேழு இடத்தில் ‘நான்’. கர்த்தருக்குக் கிடைத்தது மூன்றே இடம். அதைவிட மோசமான ஒன்றும் இருந்தது. அஞ்சவில்லை என்று சொன்னது பொய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் போர்வைக்குள் அழுதவள் நான். இராத்திரி முழுவதும் வந்து வந்து பார்த்த மலாய்த் தாதியும், என் பிள்ளைகளுக்குக் கஞ்சி காய்ச்சிக் கொடுத்த பக்கத்து வீட்டு அம்மாவும் என் கதையில் தலைகாட்டவே இல்லை. அவர்கள் வந்தால் என் விசுவாசம் சிறிதாகத் தெரியும் என்று மனம் ஒதுக்கிவிட்டது போலும்!

அந்த நாள்களில்தான் ஏமி கார்மைக்கேல் அம்மையாரைப் பற்றி மறுபடி படித்தேன். அயர்லாந்தில் பிறந்தவர், 1895-இல் இந்தியாவுக்கு வந்தவர், திரும்பிப் போகவே இல்லை. கோயில்களுக்குப் பொட்டுக்கட்டி விடப்படும் ஆபத்தில் இருந்த பெண் குழந்தைகளை 1901 முதல் திருநெல்வேலிச் சீமையின் டோனாவூரில் வைத்து வளர்த்தார். ‘உள்ளது உள்ளபடி’ என்று பொருள்படும் தலைப்பில் அவர் எழுதிய நூல் 1903-இல் வெளிவந்தது. ஊழியம் அமோகமாக நடக்கிறது என்று அதில் அவர் எழுதவில்லை. கேட்பவர் சிலர், ஏற்பவர் மிகச் சிலர் என்றே எழுதினார். இது சோர்வூட்டுகிறது என்று கையெழுத்துப் பிரதி முதலில் திருப்பி அனுப்பப்பட்டதாம். நம் சபைகளிலும் இப்படிப்பட்ட அறிக்கை வாசிக்கப்பட்டால் எத்தனை பேர் கை தட்டுவோம்?

1919-இல் அரசாங்கம் அவருக்குக் கைசர்-இ-ஹிந்த் பதக்கம் அறிவித்தது. வேண்டாம் என்று சொல்லப் பார்த்தார். மற்றவர்கள் வற்புறுத்தியதால் ஏற்றுக்கொண்டார். ஆனால் அதை வாங்கச் சென்னைக்குப் போகவில்லை. தம்மோடு உழைத்த பொன்னம்மாளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். வாக்கர் ஐயரைப் பற்றி ஒன்று எழுதினார். பேர் சொல்ல வேண்டிய இடத்தில் அடுத்தவர் பேரைச் சொல்லிவிட்டுத் தாம் ஒதுங்கிக்கொள்வது அவருக்கு வழக்கமாக இருந்தது.

ஆனால் என்னை நிறுத்தியது வேறொன்று. 1931-இல் அவர் ஒரு குழியில் விழுந்து கால் முறிந்தது. பலரும் ஜெபித்தார்கள். சுகம் வரவில்லை. மீதி இருபது ஆண்டுகளும் பெரும்பாலும் அறைக்குள்ளேயே கழிந்தன. அந்த அறையிலிருந்து நோயாளிகளுக்கென்று அவர் எழுதிய கடிதங்கள் 1933-இல் நூலாயின. நோயே அறியாதவர்கள் நோயாளிக்கு எழுதும் ஆறுதல் மனத்தில் ஒட்டுவதில்லை என்பது அவர் அனுபவம். சுகமானவள் என்ற பெருமையோடு அந்த அக்காவுக்கு எதிரில் நின்று நான் பேசியது இதைத்தானே!

அதற்காக நம்மைப் பற்றி வாயே திறக்கக்கூடாது என்று நான் சொல்ல வரவில்லை. யோவான் சுவிசேஷத்தில் வருகிற பிறவிக் குருடன் தனக்கு நடந்ததைத்தான் சொன்னான். ஆனால் இரண்டு வரியில் முடித்துக்கொண்டான். தெரியாததைத் தெரியாது என்றான். அதே சுவிசேஷத்தில் யோவான் ஸ்நானகன் இயேசுவைக் காட்டியதும் அவன் சீடரில் இருவர் அவனை விட்டுப் போய்விடுகிறார்கள். அவன் குறைபட்டதாக ஓரிடத்திலும் இல்லை. என் வகுப்பிலிருந்து இரண்டு பிள்ளைகள் வேறு பள்ளிக்கு மாறிப்போனாலே எனக்கு முகம் சுண்டிப்போகும்!

ஏமி அம்மையார் 1951 ஜனவரி 18-இல் மறைந்தார். டோனாவூர் என்னும் பெயரே அங்கே ஆலயம் எழும்பப் பணம் கொடுத்த டோனா என்ற ஜெர்மானியப் பிரபுவின் பெயரால் வந்தது. அந்த ஊரில் அம்மையாரின் கல்லறைக்கோ பெயர்க்கல் கிடையாது. வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். பறவைகள் நீர் குடிக்க ஒரு கல்தொட்டியை வைத்து, தாயை அழைக்கும் ஒரே ஒரு சொல்லை அதில் பொறித்தார்கள் அவர் வளர்த்த பிள்ளைகள்.

இரண்டு வாரம் கழித்து அந்த அக்காவின் வீட்டுக்குப் போனேன். அன்று சொன்னதில் பாதி சரியில்லை, நானும் பயந்து அழுதவள்தான் என்றேன். மகனைப் பற்றிச் சொல்லுங்கள் என்று கேட்டேன். அவனுக்குப் பந்தாட்டம் என்றால் உயிராம். பிரட்டுக் களத்தில் பந்தை உதைத்து ஆபீஸ் கண்ணாடியை உடைத்த கதையைச் சொல்லிச் சிரித்தார், பிறகு அழுதார். நான் குறுக்கே பேசவில்லை. வெகுநேரம் கழித்து டோனாவூர் அம்மாவின் கதையைச் சொன்னேன்.

“கடைசில அவங்களுக்குச் சொகமாச்சா, டீச்சர்?”

“இல்லக்கா.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு எழுந்து, மகன் போனதிலிருந்து அலமாரிக்கு மேல் கிடந்த வேதாகமத்தை எடுத்து, முந்தானையால் தூசியைத் துடைத்து என் கையில் கொடுத்தார்.

“கண்ணாடி எங்கயோ வச்சிட்டேன். நீங்களே ஒரு அதிகாரம் படிங்க,” என்றார்.