தீவகக் கல்லூரிகளும் நாடகக் கலையும்

கல்லூரி மலர்களுக்குக் கட்டுரை எழுதப் புகுவோர் பழம்பெருமை பேசித் தொடங்குதல் மரபு. பேசத்தக்க பெருமை எமக்கும் இல்லாமற் போகவில்லை. எனினும் இவ்விழா மலரிலே பெருமையோடு ஒரு குறையையும் சேர்த்துச் சொல்லிவைக்க விரும்புகின்றோம். குறை பிறருடையதன்று, தீவகத்துக் கல்லூரிகளின் ஆசிரியரும் மாணவரும் பழைய மாணவருமாகிய எம்முடையதே.

சில காலத்துக்கு முன் யாழ்ப்பாண நகரிலே நடைபெற்ற பாடசாலை நாடகப் போட்டியொன்றுக்குச் சென்றிருந்தோம். தீவகத்துப் பிள்ளைகள் சிலர் அரிச்சந்திரன் மயான காண்டத்தின் ஒரு பகுதியை இசை நாடகமாக நடித்தனர். சந்திரமதியாக வந்த மாணவி, இறந்த மகனை மடியிற் கிடத்திப் பாடத் தொடங்கியதும் மண்டபம் அடங்கிற்று. பாட்டு முடியுமுன்னரே நேரம் முடிந்ததென்று மணி அடித்தது. ஆயினும் பரிசு கிடைத்தது, மகிழ்ந்தோம். மறுநாள் குறிகட்டுவான் இறங்குதுறையில் அப்பிள்ளையின் ஆச்சியைக் கண்டோம். அவர் எம்முள் ஒருவரை நோக்கி, "பேத்தி நல்லாய் நடிச்சாளாம், தம்பி. நான் எங்கை பாத்தன்? ராவிலை வள்ளம் ஏது?" என்றார்.

அவ்வாட்டத்தைக் கண்டவர் யாவர் என எண்ணிப் பார்த்தோம். நடுவர் சிலர், பிற பாடசாலை ஆசிரியர் சிலர், தத்தம் முறை வருமளவும் காத்திருந்த பிள்ளைகள். அம்மாணவியின் ஊரார் காணவில்லை. வாடகைக்கு எடுத்த உடுப்பு அன்றே திரும்பிப் போயிற்று. சான்றிதழ் கண்ணாடிச் சட்டத்துள் ஏறிற்று. ஒரு தவணை முழுவதும் ஒத்திகை பார்த்த நாடகம் அந்தச் சில நிமிடங்களோடு முடிந்தது. மறுமுறை அது ஆடப்படவேயில்லை.

நாடகம் எம் தீவுகளில் இவ்வாறு வாழ்ந்ததன்று. கோயில் வீதியிலோ வெறும் வளவிலோ களரி கட்டி, விடியும்வரை ஆடிய ஆட்டம் அது. ஊர்காவற்றுறைத் தீவின் மெலிஞ்சிமுனை போன்ற கத்தோலிக்கக் கிராமங்களிலே தென்மோடிக் கூத்து வேரூன்றி வளர்ந்தது. யாழ்ப்பாணத்துச் சைவ ஊர்களிலே மாரியம்மனுக்கு நேர்த்தி வைத்துக் காத்தவராயன் கூத்து ஆடினர். கொட்டகைக் கூத்து என மக்கள் வழங்கிய இசை நாடகம், தமிழகத்திலிருந்து வந்த குழுக்களால் இங்கு பரவியது. 1924 ஆம் ஆண்டிலே பிறந்து 1989 ஆம் ஆண்டிலே மறைந்த நடிகமணி வி. வி. வைரமுத்து அவர்கள் மயான காண்டத்தை ஊர்தோறும் ஆடி, படியாதவரையும் அழவைத்தார். படித்தவரையும் அழவைத்தார் என்க. பெற்றோமக்ஸ் விளக்கின்கீழ் பாய் விரித்திருந்த கிழவிக்கு அடுத்த விருத்தம் இன்னதென்று முன்னரே தெரியும். ஆடுவோன் அடி பிழைத்தால் அவள் வாய்விட்டே சொல்லுவாள். அக்களரிக்கு நடுவர் அவளே. அவளிடம் தப்பியவன் எந்த நகரத்து மேடையிலும் தப்புவான்.

இனி, சொல்ல வருத்தமானதொன்றைச் சொல்லுகின்றோம். எமது சைவக் கல்லூரிகள் கூத்தைத் தம் வாயிலுக்குள் எளிதில் விட்டனவல்ல. கர்நாடக சங்கீதத்துக்கு இடங்கொடுத்தோம். பரதநாட்டியத்துக்கும் பின்னர் கொடுத்தோம். வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பிப் பெருமை கொண்டோம். அவை வேண்டாவென்று யாம் சொல்லவில்லை. ஆனால் வயலிலும் கடலிலும் உழைப்போர் ஆடிய கூத்தைப் படியாதவர் ஆட்டமென்று ஒதுக்கினோம். அவ்வொதுக்கலிலே கல்விச் செருக்கோடு சாதிச் செருக்கும் கலந்திருந்தது. அடுத்த ஊர் அண்ணாவியார் கத்தோலிக்கராயின் அவர்பாற் கற்பது எங்ஙனம் எனத் தயங்கியவர்களும் எம்முள் இருந்தனர். மத்தளம் எச்சமயத்தது?

கற்றோர் கண்ணைத் திறந்தவர் பேராசிரியர் சு. வித்தியானந்தன். 1956 ஆம் ஆண்டிலே எதிரிவீர சரச்சந்திரா 'மனமே' நாடகத்தை அரங்கேற்றிச் சிங்கள அரங்கை விழிப்பித்தார். அவர் துணைக்கொண்ட 'நாடகம' என்னும் மரபு, தமிழ்க் கத்தோலிக்கக் கூத்தின் வழியே சிங்களக் கரையோரத்துக்குச் சென்றதாகும். எம் வீட்டுப் பொருளின் அருமையை அயல் வீட்டிற் கண்டபின்னரே உணர்ந்தோம்! வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962 இல் 'கர்ணன் போர்' கூத்தையும், பின்னர் 'இராவணேசன்' முதலியவற்றையும் மேடையேற்றினார். விடிய விடிய ஆடும் கூத்தைச் சில மணி நேரத்துள் அடக்கிய முயற்சி அது.

இங்கே ஒன்றைக் கூர்ந்து நோக்குதல் வேண்டும். சரச்சந்திரா தம் நாடகத்துக்கு மரபறிந்த சாள்ஸ் சில்வா குணசிங்க குருநான்சேயைத் துணையாக அழைத்தார். பேராதனை மாணவருக்கு ஆட்டம் பழக்க மட்டக்களப்பு வந்தாறுமூலையிலிருந்து செல்லையா அண்ணாவியார் வந்தார். பேராசிரியர்களே ஊர்க் கலைஞரின் காலடியிற் கற்பதை இழிவாகக் கொள்ளவில்லை. நீண்டதைக் கற்ற பின்னரே சுருக்கினர். எம் பாடசாலைகளிலோ நீண்டதை ஒருவரும் கண்டதில்லை. சுருக்கத்தையே சுருக்கிக் கொடுக்கின்றோம்.

பின்வந்த முயற்சிகளையும் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. 1978 இல் குழந்தை ம. சண்முகலிங்கம் அவர்கள் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரி, பயின்ற நடிகரையும் நெறியாளரையும் உருவாக்கித் தந்தது. நாடகமும் அரங்கியலும் இன்று உயர்தரப் பாடமாயுள்ளது. தீவகத்தவரான காரை செ. சுந்தரம்பிள்ளை அவர்கள் 'ஈழத்து இசை நாடக வரலாறு', 'வட இலங்கை நாட்டார் அரங்கு' ஆகிய நூல்களை எழுதி, நாம் மறக்கவிருந்தவற்றை ஏட்டில் நிறுத்தினார். ஏட்டில் நிற்பது ஆட்டத்தில் நிற்பதாகாது என்பதை அவரும் அறிந்திருந்தார்.

போர் செய்த கேட்டையும் சொல்லாதிருத்தல் இயலாது. 1990, 1991 ஆம் ஆண்டுகளில் தீவகத்தின் பெரும்பகுதி இடம்பெயர்ந்தது. வீட்டோடு கூத்துக் கொப்பிகளும் உடுப்புப் பெட்டிகளும் போயின. திரும்பி வந்தோர் சிலர். கொழும்பு, பரிஸ், இலண்டன், ரொறன்ரோ எனச் சிதறினோர் பலர். ஆடுவோர் ஓரிடத்திலும் பாடுவோர் ஓரிடத்திலும் பார்ப்போர் வேறோரிடத்திலுமாயினர். வகுப்பில் முப்பது பிள்ளைகள் இருந்த இடத்திலே இன்று பத்துப் பிள்ளைகளைக் காண்பது அரிது என்று ஆசிரியர் பலர் எம்மிடம் கூறியுள்ளனர்.

இந்நிலையில் பழைய மாணவர் பலர் தம் கல்லூரிகளுக்கு மண்டபம் கட்ட முன்வருகின்றனர். அவர்தம் அன்பை யாம் ஐயுறவில்லை. ஆனால் மேடைக்கு எமக்குப் பஞ்சம் உண்டா? இந்திய அரசின் உதவியால் யாழ்ப்பாண நகரில் எழுந்து, இன்று திருவள்ளுவர் பெயர் தாங்கி நிற்கும் பண்பாட்டு மையத்தில் ஏறக்குறைய 600 பேர் அமரத்தக்க அரங்கம் உண்டு. அழகிய அரங்கம்தான். அங்கே மாலை நிகழ்ச்சி முடியும் நேரத்தில் நெடுந்தீவுக்குப் படகில்லை, நயினாதீவுக்கும் இல்லை. ஆகவே மண்டபத்துக்கு ஒதுக்கும் பணத்தில் ஒரு சிறு பங்கையேனும் அண்ணாவியார் ஒருவருக்கு மாதச் சம்பளமாகக் கொடுங்கள் என்று கேட்கின்றோம். கல்லிலே பெயர் பொறிக்க வழியில்லாதுபோம் என்பது உண்மையே. எஞ்சியிருக்கும் அண்ணாவிமார் முதியவர்கள். மண்டபம் பத்தாண்டு பொறுக்கும், அவர்கள் பொறுக்க மாட்டார்கள்.

தமிழ்த்தினப் போட்டிகளுக்குப் போகவேண்டாம் என்பது எமது கருத்தன்று. போட்டியில்லையேல் பல பாடசாலைகளில் நாடகமே இராது என ஓர் ஆசிரியர் சொன்னார், அதில் உண்மையுண்டு. பரீட்சை கெடும் எனப் பெற்றோர் அஞ்சுவதும் நியாயமே. நாடகம் பழக்கிய ஆசிரியர் மறு ஆண்டே இடமாற்றம் பெற்றுப் போவதும் வழக்கமாயிற்று. ஆயினும் போட்டிக்குப் பழகிய நாடகத்தை ஊரில் ஓர் இரவு ஆடுவதற்கு வேறு பழக்கம் வேண்டுவதில்லையே. போட்டிக்கு வெட்டிய பகுதிகளையும் அங்கே சேர்த்து முழுமையாக ஆடலாம். மணி அடிப்பார் எவரும் இரார்.

எனவே அதிபர்க்கும் பழைய மாணவர் சங்கத்தார்க்கும் எமது வேண்டுகோள் இதுவே. வரும் ஆண்டிலிருந்து, நகரத்துக்குப் போகும் எந்த நாடகமும் முதலிலே தன் தீவில், கோயில் வீதியில் அரங்கேறுக. அயற் கிராமத்து அண்ணாவியார், எச்சமயத்தவராயினும், முன்வரிசையில் இருத்தப்பெறுக. நெடுந்தீவுப் பிள்ளைகள் நயினாதீவிலும், நயினாதீவுப் பிள்ளைகள் வேலணையிலும் ஆட, படகுக் கூலியைச் சங்கம் ஏற்றுக்கொள்ளுக. நகரத்து நடுவரும் வர விரும்பின், குறிகட்டுவானிலிருந்து கடைசிப் படகு புறப்படும் நேரத்தை முன்கூட்டியே அறிவிப்போம். இரவு தங்குவதற்குப் பாயும், உண்பதற்குச் சோறும் மீன் குழம்பும் ஊரார் கொடுப்பர். சைவ உணவினர்க்கு வேறு அடுப்பும் உண்டு.