நெய் வாசனையே தெரியலையா? மூக்குச் சதைக்கு வந்த புது ஊசிகள்... எது பெஸ்ட், யாருக்கு எட்டும்?

ஊத்துக்குளின்னாலே வெண்ணெயும் நெய்யும்தான். அந்த ஊர்லயே இருந்துக்கிட்டு நெய் உருகுற வாசனை தெரியலைன்னா எப்படி இருக்கும்? மூக்கில் சதை வளர்ந்த நாள்பட்ட சைனஸ்காரர்களின் நிலைமை இதுதான். கேஸ் கசிந்தால்கூடத் தெரியாது. இவர்களில் பலருக்கு ஆஸ்துமாவும் கூடவே இருக்கும்.

திருப்பூர் பக்கம் யாரைக் கேட்டாலும், 'எல்லாம் பஞ்சுத் தூசி பண்ற வேலை' என்பார்கள். பாதிதான் உண்மை. தூசி, ஆஸ்துமாவைக் கிளறிவிடும். ஆனால், மூக்குச் சதை இருக்கும் பலருக்கு அடிப்படைப் பிரச்னை, உடம்பின் எதிர்ப்பு சக்தி தேவையில்லாமல் ஓவர்டைம் பார்ப்பது. ஈசினோபில் என்ற வெள்ளை அணுக்கள் மூக்கிலும் மூச்சுக்குழாயிலும் குவிந்து வீக்கத்தை உண்டாக்கும். ஆபரேஷனில் சதையை எடுத்தாலும் சிலருக்குத் திரும்ப வளர்வது இதனால்தான்.

அந்த ஓவர்டைமை நிறுத்தத்தான் 'பயோலாஜிக்' ஊசிகள். டுபிலுமாப், ஒமாலிசுமாப், மெபோலிசுமாப் ஆகிய மூன்றும் இப்போது அதிகம் பேசப்படுகின்றன. ஒமாலிசுமாப், அலர்ஜியைத் தூண்டும் ஐஜிஇ-யைப் பிடிக்கும். மெபோலிசுமாப், ஈசினோபில்களின் எண்ணிக்கையைக் குறைக்கும். டுபிலுமாப், வீக்கத்துக்கான இரண்டு சிக்னல்களை ஒரே நேரத்தில் கட் பண்ணும்.

எது பெஸ்ட்? நேருக்கு நேர் மோதவிட்ட ஆய்வு ஒன்று உண்டு. 'எவரெஸ்ட்' என்ற அதன் முடிவுகள் 2025-ல் வந்தன. மூக்குச் சதை, ஆஸ்துமா இரண்டும் உள்ள சுமார் 360 பேரிடம், 24 வாரங்கள் டுபிலுமாபையும் ஒமாலிசுமாபையும் ஒப்பிட்டார்கள். சதை சுருங்குவது, வாசனை திரும்புவது இரண்டிலும் டுபிலுமாப் முந்தியது. ஆனா ஒண்ணு, ஆய்வுக்குக் காசு கொடுத்தது டுபிலுமாப் தயாரிக்கும் சனோஃபி, ரீஜெனரான் கம்பெனிகள்தான். முடிவு பொய் என்றில்லை, அதையும் மனசுல வச்சுக்கிட்டுப் படிக்கணும், அவ்வளவுதான். மெபோலிசுமாப் இந்த மோதலில் இல்லவே இல்லை.

விலைதான் அடுத்த சிக்கல். 2025 செப்டம்பர் 22 முதல் மெபோலிசுமாபுக்கு ஜி.எஸ்.டி 12 சதவிகிதத்திலிருந்து பூஜ்ஜியமாகிவிட்டது. நல்ல விஷயம். ஆனாலும், வரி போன பிறகும் இந்த ஊசிகள் ஒரு டெய்லர் தன் சம்பளத்தில் மாதாமாதம் வாங்கும் விலையில் இல்லை. ஒரு தடவை போட்டால் முடியுற சமாசாரமும் இல்லை. நிறுத்தினால் பலருக்குத் தொல்லை திரும்புகிறது. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குபவர்களுக்கு இ.எஸ்.ஐ உண்டு. ஆனால், ரெக்கார்டே இல்லாமல் பீஸ் ரேட்டில் தைப்பவர்களுக்கு அதுவும் கிடையாது.

அதனால், என் பார்வையில் நிஜப் போட்டி ஊசிக்கும் ஊசிக்கும் இல்லை. ஊசிக்கும், மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் வாங்கும் ஸ்டீராய்டு மாத்திரைக்கும்தான். நாலு நாள் போட்டா மூக்கு திறக்கும், வாசனை வரும். விலையும் கம்மி. விட்டா மறுபடி அடைக்கும், மறுபடி வாங்குவாங்க. இப்படியே ஓடினால் சுகர் ஏறும், எலும்பு தேயும், கண்ணில் புரை விழும். மூக்கில் அடிக்கிற ஸ்டீராய்டு ஸ்பிரேயும் இன்ஹேலரும் வேறு. அவற்றில் மருந்தின் அளவு மிகக் குறைவு, பயப்படாமல் தினமும் எடுக்க வேண்டியவை. கூத்து என்னன்னா, இங்கே இன்ஹேலருக்குப் பயந்துதான் மாத்திரைக்குப் போகிறார்கள்.

ஊசி எல்லோருக்கும் தேவைப்படாது. ஸ்பிரே, உப்புநீரில் மூக்கைக் கழுவுவது, தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி ஆபரேஷன், இவற்றுக்கும் அடங்காதவர்களுக்குத்தான் பெரும்பாலும் பரிந்துரைக்கிறார்கள். காது மூக்கு தொண்டை டாக்டர், நுரையீரல் டாக்டர் இருவரும் சேர்ந்து முடிவெடுத்தால் நல்லது. ரத்தத்தில் ஈசினோபில், ஐஜிஇ அளவு எவ்வளவுன்னு கேளுங்க. வலி மாத்திரை போட்டால் மூச்சு இளைக்குதுன்னா, அதை முதல்லயே சொல்லிடுங்க.