பிரேசில்: லூலாவின் தேர்வும் இடதுசாரிகளின் கடமையும்

பிரேசில் ஜனாதிபதித் தேர்தல் 2022 அக்டோபர் 2 அன்று நடைபெற்றது. தொழிலாளர் கட்சியின் லூலா தம்முடைய துணை ஜனாதிபதி வேட்பாளராக ஜெரால்டோ அல்க்மினைத் தேர்ந்தெடுத்தது, அந்நாட்டு இடதுசாரி இயக்கத்தில் கடும் விவாதத்தை எழுப்பியது. கட்சியின் தேசியத் தலைமை ஏப்ரல் 13 அன்று இத்தேர்வை ஏற்றுக்கொண்டது. எதிர்த்து வாக்களித்தவர்களும் உண்டு. அவர்களுடைய ஐயம் அலட்சியப்படுத்தத் தக்கதல்ல.

அல்க்மின் 2006 தேர்தலில் லூலாவை எதிர்த்துப் போட்டியிட்டுத் தோற்றவர். சமூக ஜனநாயகம் என்று பெயர் சூட்டிக்கொண்டு தனியார்மயத்தை முன்னெடுத்த கட்சியில் மூன்று பதிற்றாண்டுகளுக்கும் மேலாக இருந்துவிட்டு, 2022இல்தான் சோஷலிஸ்ட் கட்சியில் சேர்ந்தார். அவர் சாவ் பாவ்லோ மாநில ஆளுநராக இருந்தபோது, 2012இல் பின்ஹெய்ரின்யோ குடியிருப்பிலிருந்து ஆயிரக்கணக்கான ஏழைகள் காவல்துறையால் வெளியேற்றப்பட்டனர். 2015இல் 90க்கும் மேற்பட்ட அரசுப் பள்ளிகளை மூடும் அவரது திட்டத்தை, மாணவர்கள் பள்ளிகளைக் கைப்பற்றிப் போராடித் தடுத்து நிறுத்தினர்.

இதைவிடக் கசப்பான அனுபவமும் உண்டு. தில்மா ரூசெப்பின் துணை ஜனாதிபதியாக இருந்த மிஷெல் டெமர், 2016 ஆகஸ்டில் நாடாளுமன்றச் சதியின் மூலம் அவருடைய நாற்காலியில் அமர்ந்தார். அரசின் செலவினத்துக்கு 20 ஆண்டு உச்சவரம்பு விதித்தார். 2017இல் தொழிலாளர் சட்டங்களைச் சிதைத்தார். தேர்தலின்போது லூலாவுக்கு வயது 76. எனவே துணை ஜனாதிபதி யார் என்பது வெறும் சம்பிரதாயக் கேள்வியாக இருக்கவில்லை.

எனினும் எதிரில் நின்றது யார் என்பதை மறந்துவிட்டு எந்த உத்தியையும் எடைபோட இயலாது. போல்சனாரோ ஆட்சியில் கொரோனா பெருந்தொற்றுக்கு 6.6 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பலியாயினர். அமேசான் காடுகள் சூறையாடப்பட்டன. வாக்குப்பதிவு இயந்திரங்களின் மீது அவநம்பிக்கையை விதைத்து, தோற்றால் முடிவை ஏற்க மறுப்பதற்கான களம் தயாரானது. நாட்டின் வாக்காளர்களில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வாழும் சாவ் பாவ்லோ, 2018இல் போல்சனாரோவுக்குப் பெருவாரியாக வாக்களித்தது. அங்கே தயங்கி நின்ற நடுத்தர வாக்காளர்களை ஈர்ப்பதும், ஆளும் வர்க்கத்தின் ஒரு பகுதியைப் போல்சனாரோவிடமிருந்து பிரிப்பதும் ஜனநாயகத்தைக் காக்கும் போராட்டத்தின் தேவைகளாகவே இருந்தன. அவ்வகையில் இத்தேர்வு புரிந்துகொள்ளத் தக்கது.

ஆனால் டெமரின் துரோகம் தனிமனிதக் குணக்கேடு மட்டுமா? தில்மாவுக்கு எதிரான தீர்மானத்தைக் கீழவையின் 513 உறுப்பினர்களில் 367 பேர் ஆதரித்தனர். மூன்றில் இரண்டு பங்கு என்ற வரம்பை எட்டவிடாமல் தடுக்கும் பலம் இடதுசாரிகளிடம் இல்லை. சதியை முறியடிக்கப் போதுமான அளவுக்குத் தொழிலாளி வர்க்கமும் வீதியில் திரட்டப்பட்டிருக்கவில்லை. மாறாக, 2002இல் லூலாவின் துணை வேட்பாளரான ஜோசே அலென்கார் பெரும் ஜவுளி முதலாளி. ஆயினும் எட்டாண்டுகளும் லூலாவுடனேயே நின்றார். மக்களின் ஆதரவு வலுவாக இருக்கும்போது கூட்டாளி உடன் வருகிறார். அது தளரும்போது திசை மாறுகிறார்.

ஆகவே உரைகல் வேறிடத்தில் இருந்தது. செலவின உச்சவரம்பு நீக்கப்படுமா? தொழிலாளர் சட்டச் சிதைவு சரிசெய்யப்படுமா? எலெட்ரோப்ராஸ் போன்ற பொதுத்துறை நிறுவனங்களின் தனியார்மயம் எதிர்க்கப்படுமா? அல்க்மின் இந்தத் திட்டத்தை ஏற்று வருவாராயின் அது அணியின் விரிவாக்கம். அவருக்காகத் திட்டமே சுருக்கப்படுமாயின் அது சரணடைவு. ஏப்ரலில் தொழிற்சங்க மேடையில் அவர் லூலாவை வாழ்த்தி முழங்கியதைக் கொண்டு இதற்கு விடை காண முடியாதிருந்தது.

பிரேசிலின் இடதுசாரிகளும் தொழிற்சங்கங்களும் நிலமற்றோர் இயக்கமும் லூலாவின் வெற்றிக்காக முழுமூச்சுடன் உழைக்க வேண்டியிருந்தது. அதே வேளையில் தம்முடைய சுயேச்சையான அமைப்பையும் கோரிக்கைகளையும் கைவிடாதிருக்க வேண்டியிருந்தது. கீழவையில் இடதுசாரி உறுப்பினர்களின் எண்ணிக்கையை உயர்த்துவதும், தேர்தலுக்குப் பிறகும் மக்களைத் திரட்டி நிறுத்துவதுமே இன்னொரு 2016ஐத் தடுக்கும் உத்தரவாதமாக இருந்தன.