மண்வள அட்டை கேட்காத கேள்வி

உங்கள் மண்வள அட்டையை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். கார அமில நிலை, உப்பின் அளவு, அங்ககக் கரிமம், தழை, மணி, சாம்பல் சத்துகள், கந்தகம், துத்தநாகம், இரும்பு, தாமிரம், மாங்கனீசு, போரான் என 12 விவரங்கள் இருக்கும். பயிருக்கு வேண்டியது என்ன என்பதை அட்டை சொல்லிவிடும். மண்ணில் இருக்கக் கூடாதது இருக்கிறதா என்று அது கேட்பதில்லை. காட்மியம், காரீயம், ஆர்சனிக் போன்ற நச்சு உலோகங்களுக்கு அதில் இடமே இல்லை.

பெரும்பாலான நிலங்களுக்கு இந்த 12 போதும். மூடிய சுரங்கத்துக்கு அருகில் உள்ள நிலங்களுக்குப் போதாது. ஜப்பானின் நெல் விவசாயிகள் இதைப் பெரும் விலை கொடுத்துத் தெரிந்துகொண்டார்கள்.

அங்கே ஜின்சு ஆற்றின் மேல்பகுதியில் இருந்தது காமியோகா சுரங்கம். துத்தநாகமும் காரீயமும் எடுத்தார்கள். துத்தநாகத் தாதுவோடு சேர்ந்தே கிடப்பது காட்மியம். சுரங்கக் கழிவு ஆற்றில் கலந்தது. ஆற்று நீர் தொயாமா சமவெளியின் வயல்களுக்குப் பாய்ந்தது. காட்மியம் அரிசியில் ஏறியது. அதை உண்டவர்களின் சிறுநீரகம் கெட்டு, எலும்பு மெலிந்து, இருமினால்கூட முறிந்தது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் பிள்ளை பெற்று நடுவயதைக் கடந்த பெண்கள். ‘வலிக்குதே, வலிக்குதே’ என்ற அவர்களின் அலறலே, ‘இத்தாய் இத்தாய்’ என்று நோயின் பெயரானது. சுரங்கக் காட்மியமே காரணம் என்று அந்நாட்டு அரசு 1968-ல் ஏற்றுக்கொண்டது.

இந்த நஞ்சு கண்ணுக்குத் தெரியாது. பயிர் பச்சையாகவே நிற்கும், கதிரும் வரும். சாணம் மட்குவதுபோல உலோகம் மட்காது. நீர் நிர்வாகத்தால் ஓரளவு கட்டுப்படுத்தலாம். வயலில் நீர் நிற்கும்போது காட்மியம் கந்தகத்தோடு பிணைந்து மண்ணிலேயே அடங்கியிருக்கும். கதிர் வரும் பருவத்தில் வயலைக் காயவிட்டால் கரைந்து நெல்மணிக்குப் போகும். ஆர்சனிக் இதற்கு நேர்மாறு. நீர் நின்றால்தான் அதிகம் ஏறும். ஆகவே, எந்த உலோகம் இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியம் பார்க்க முடியாது.

ஜின்சு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 1972-ல் மேல்முறையீட்டிலும் வென்றார்கள். இழப்பீடு, மண் சீரமைப்பு, சுரங்கத்துக்குள் நிபுணர்களோடு சென்று கம்பெனி செலவில் சோதிக்கும் உரிமை ஆகியவற்றைக் கம்பெனியிடம் எழுதி வாங்கினார்கள். 2001-ல் தாது எடுப்பது நின்ற பிறகும் அந்தச் சோதனை நிற்கவில்லை. மாசான மேல்மண்ணை அடியில் புதைத்து, மேலே நல்ல மண் பரப்பும் வேலை 1979-ல் தொடங்கி 2012-ல்தான் முடிந்தது. சீரான நிலம் 2,100 ஏக்கருக்குச் சற்று மேல். செலவு சுமார் 4,000 கோடி யென். கம்பெனியும் அரசும் பகிர்ந்துகொண்டன. கழிவைத் தொடக்கத்திலேயே தடுத்திருந்தால் இதில் சிறு பங்கே ஆகியிருக்கும்.

நமக்குப் பக்கத்தில் கோலார் தங்கவயல் இருக்கிறது. நம் வட ஆற்காட்டிலிருந்து போய் அந்தக் குழிகளில் இறங்கியவர்கள் ஏராளம். 2001-ல் சுரங்கத்தை மூடினார்கள். தாதுவை அரைத்து, சயனைடு கொண்டு தங்கம் எடுத்த பின் மிஞ்சிய கழிவு கோடிக்கணக்கான டன், குன்று குன்றாக அங்கேயே நிற்கிறது. காற்றடித்தால் தூசு பறக்கிறது. சுரங்கத்தை மூடும் திட்டத்தை முன்கூட்டியே தர வேண்டும் என்ற விதி நம் நாட்டில் வந்தது 2003-ல்தான். அதற்கு முன் கைவிடப்பட்ட சுரங்கங்களின் கழிவுக்கு யார் பொறுப்பு?

“சோதித்து, நஞ்சு இருக்கிறது என்று வந்துவிட்டால் விளைச்சலை யார் வாங்குவார்கள்? நிலத்துக்கு என்ன விலை கிடைக்கும்?” என்று நீங்கள் தயங்கலாம். நியாயமான பயம்தான். ஆனால், ஜின்சு விவசாயிகளுக்கு இழப்பீடும் புது மண்ணும் கிடைத்தது அளந்து காட்டியதால்தான். அளக்காத நஞ்சுக்கு யாரும் பணம் தர மாட்டார்கள். அதைத் தின்பதும் முதலில் நம் வீட்டுப் பிள்ளைகள்தான்.

ஆகவே, மூடிய சுரங்கத்தையும் கழிவு மேட்டையும் ஒட்டிய ஊராட்சிகளில் மண், பாசன நீர், விளைபொருள் மூன்றிலும் நச்சு உலோகங்களை அரசு இலவசமாகச் சோதிக்க வேண்டும். செலவைச் சுரங்கம் நடத்தியவரிடம் வசூலிக்கட்டும். அவர் இல்லாவிட்டால் அரசே ஏற்கட்டும். முடிவை விவசாயியின் கையில் எழுத்தில் தர வேண்டும். உங்கள் ஊர் அப்படிப்பட்ட இடத்தில் இருந்தால், அடுத்த கிராம சபையில் இதையே தீர்மானமாகக் கொண்டு வாருங்கள். அதுவரை கழிவு மேட்டு மண்ணை வயலுக்கு அடிக்காதீர்கள். அங்கிருந்து வழியும் தண்ணீரைப் பாய்ச்சாதீர்கள்.