இரட்டை அட்டை மயக்கம் - பெற்றோரே, ஏமாறாதீர்!



தமிழாசிரியனுக்கு விளையாட்டுக் கணினியைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் கேட்கக்கூடும். கேட்கட்டும். ஏமாறுபவர்கள் நம் பிள்ளைகள். கரைவது பெற்றோரின் வியர்வைப் பணம். ஆகவே, பேசத்தான் வேண்டும்.

கடந்த பள்ளி விடுமுறையில் முன்னாள் மாணவன் ஒருவன் தந்தையோடு என் இல்லம் வந்தான். இப்பொழுது நான்காம் படிவம் பயில்கிறான். தந்தையார் லாரி ஓட்டுநர். அவன் கணினியில் என்விடியாவின் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ வரைகலை அட்டை (4 ஜிபி) இருந்தது. "அதைக் கழற்ற வேண்டா, ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 580 அட்டையையும் (8 ஜிபி) பக்கத்தில் பொருத்தினால் 12 ஜிபி ஆகிவிடும்" என்று கூறிக் கடைக்காரர் ஒருவர் விற்றிருக்கிறார். இரண்டையும் தாங்கப் புதிய தாய்ப்பலகை, பெரிய மின்வழங்கி எனச் செலவு 1,000 ரிங்கிட்டைத் தாண்டிவிட்டது. "இரண்டாவது அட்டையால் வேகம் கூடவே இல்லை ஐயா" என்றான் பையன்.

எப்படிக் கூடும்?

முதலாவது: நினைவகம் கூட்டல் கணக்கன்று. இரண்டு அட்டைகள் சேர்ந்து வரைந்த காலத்திலும், காட்சிக்குரிய தரவுகளை ஒவ்வோர் அட்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது. ஆகவே, 4உம் 8உம் சேர்ந்தால் விளையாட்டுக்குக் கிடைப்பது 4தான்.

இரண்டாவது: ஒரு படத்தை ஓர் அட்டையும் அடுத்த படத்தை மற்றோர் அட்டையும் மாறி மாறி வரைவதே பெருவழக்காக இருந்த முறை. வேகம் ஒத்திராவிட்டால் விரைந்தது காத்திருக்கும். காட்சி திக்கித் திக்கி நகரும். எருதையும் எருமையையும் ஒரே ஏரில் பூட்டியது போலத்தான். 2004இல் என்விடியா கொண்டுவந்த எஸ்எல்ஐ முறை ஒரே வகைச் சில்லுடைய அட்டைகளையே ஏற்றது. 2005இல் வந்த ஏடிஐயின் கிராஸ்ஃபயர், ஒரே குடும்பத்து அட்டைகளுக்குச் சற்றே இடம் தந்தது. இரு நிறுவனத்து அட்டைகளையும் கலக்க 2010 வாக்கில் முயன்ற லூசிட் ஹைட்ரா சில்லு நிலைக்கவில்லை. 2015இல் டைரக்ட்எக்ஸ் 12 வழி திறந்தது. அவ்வழியில் நடந்த விளையாட்டுகளோ மிகச் சில.

மூன்றாவது: அந்தக் காலமே முடிந்துவிட்டது. 2021 ஜனவரி முதல் என்விடியா புதிய எஸ்எல்ஐ அமைப்புகளை வெளியிடுவதை நிறுத்தியது. 2022இல் வந்த ஆர்டிஎக்ஸ் 40 வரிசையில் இணைப்பு வாயிலே இல்லை.

"இரண்டாம் அட்டைக்கும் பயன் உண்டே?" என்பீர்கள். உண்டு. முப்பரிமாணக் காட்சி உருவாக்கத்திலும் செயற்கை நுண்ணறிவுப் பணிகளிலும் வேலையைப் பகிரலாம். இடைப்படங்களை மட்டும் இரண்டாம் அட்டையில் உருவாக்கும் மென்பொருளும் உண்டு. மறுக்கவில்லை. ஆனால், அந்தத் தந்தையிடம் விற்கப்பட்டது அதுவா? இல்லை. "12 ஜிபி" என்ற பொய்!

வாங்குமுன் மூன்று கேள்விகள் கேளுங்கள்:

1. பிள்ளை ஆடும் விளையாட்டு இரண்டு அட்டைகளைப் பயன்படுத்துமா?
2. மின்வழங்கியோடு சேர்த்து மொத்தச் செலவு எவ்வளவு?
3. பழையதை விற்று, அதே பணத்தில் சிறந்த ஓர் அட்டை வாங்கலாகாதா?

கடைக்காரரை மட்டும் குறைகூறி நாம் தப்பிக்க முடியாது. ஆசிரியர்களே, கணினி விளையாட்டு என்றதும் நாம் என்ன செய்கிறோம்? "படிக்கிற வேலையைப் பார்" என்று வாயடைக்கிறோம். பிறகு பிள்ளைக்கு ஆசிரியர் யார்? விற்பவர்தான்!

"முன்னமே உங்களைக் கேட்டிருக்கலாமோ, ஐயா?" என்றார் அந்தத் தந்தை. கேட்டிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன். அந்த வெட்கமே இப்பதிவை எழுத வைத்தது.

கேட்கும் பிள்ளைக்கு விடை சொல்வோம். தெரியாவிட்டால் சேர்ந்து தேடுவோம். சிந்திப்போமா?